அக்கரைச் சரக்கும் அமானிதமும்

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயார், 2023ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் எம் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டு ஒன்று. துபையில் இரண்டாண்டுகளாக வேலை பார்க்கும் அவருடைய மகன், ஷவ்வால் மாதத்தில் தங்கையின் நிகாஹுக்காக ஊர் வருகிறார். அவர் வாங்கி வரவேண்டிய சாமான்களின் ஜாபிதா அந்த நோட்டில் இருந்தது. முதல் வரியில் மணப்பெண்ணுக்குப் பன்னிரண்டு பவுன் நகை. அதற்குக் கீழே அண்டை அயலார் எட்டு வீட்டாரின் தேவைகள்: ஒருவருக்குக் கைப்பேசி, ஒருவருக்குக் கம்பளி, மூன்று பேருக்கு ஸென்ட், இன்னும் பால்மாவு, பாதாம், பேரீச்சை, தலைவலித் தைலம். சிலர் பணத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள். சிலர், 'தம்பி வரட்டும், கணக்குப் பார்த்துக்கலாம்' என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த அம்மையாருக்கு மனதில் மூன்று உறுத்தல்கள். "ஹஜ்ரத், நம்ம ஊர்க் கடையை விட்டுட்டு அங்கேருந்து வரவழைக்கிறது தப்புன்னு கடைக்கார பாய் சொல்றாரு, அது நெசமா?" என்பது முதலாவது. பிறருக்கு வாங்கிக் கொடுக்கும் பொருளில் மகன் தன் சிரமத்துக்காக ஏதாவது வைத்துக்கொள்ளலாமா என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சொல்லுமுன் சற்றுத் தயங்கினார். அங்கே ஒருவர், தாம் தரும் சிறிய பொட்டலம் ஒன்றைச் சென்னையில் வேறொருவரிடம் சேர்ப்பித்துவிட்டால், போக வர விமான டிக்கெட்டைத் தாமே எடுத்துத் தருவதாக மகனிடம் சொல்லியிருக்கிறாராம். "டிக்கெட் காசு மிஞ்சினா பந்தல் செலவுக்கு ஆகும்னு புள்ள சொல்றான். கூடுமா ஹஜ்ரத்?"

இந்த மூன்றும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒரு பிள்ளை இருக்கும் எல்லா வீடுகளிலும் இவை எழுகின்றன. பெரும்பாலும் கேட்கப்படாமலே போகின்றன. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

மலிவைத் தேடுவது குற்றமா?

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. விலை குறைந்த இடத்தில் வாங்குவது ஆகுமான காரியம். குறைஷிகள் குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் வியாபாரக் கூட்டமாய்ப் போய் வந்ததைக் குர்ஆன் ஓர் அருளாகவே நினைவூட்டுகிறது. மதீனாவில் ஒரு சமயம் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தரும்படி மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. எவருடைய உயிரிலோ பொருளிலோ அநீதி செய்தவராகத் தம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று விடையளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். விற்பவருக்கு விலை சொல்லும் உரிமை இருப்பதுபோல வாங்குபவருக்கு வேறிடம் போகும் உரிமையும் உண்டு. தடுக்கப்பட்டவை வேறு: பதுக்கிவைத்து விலையேற்றுவது, சந்தை விலை அறியாத கிராமத்துச் சரக்குக்காரரை ஊர் எல்லைக்கு வெளியிலேயே மடக்கிக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வது. நம் ஊர் நெல்லையும் வேர்க்கடலையையும் களத்துமேட்டிலேயே பேசி முடிக்கிறவர்கள் இந்த இரண்டாவதைப் படித்துப் பார்ப்பது நல்லது. அது இன்றைய பேச்சல்ல, விட்டுவிடுகிறேன்.

கடைக்கார பாயின் வருத்தத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வாடகையும் மின்கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் கட்டி அவர் கடை வைத்திருக்கிறார். அவசரத்துக்குக் கடன் கொடுக்கிறவரும் அவரே. வெளிநாட்டுச் சரக்கு வந்த மாதம் மட்டும் அவரை மறந்துவிட்டுக் கடன் வேண்டிய மாதம் தேடிப் போவது அண்டை வீட்டுக்காரர் என்ற முறையில் அழகல்ல. ஆனால் அழகல்லாதது வேறு, ஹராம் வேறு.

இந்த மோகம் பழையது. 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்து, அடுத்த ஆண்டுகளில் கடைகண்ணிகள் அரசுடைமையானபோது, ஆயிரக்கணக்கான தமிழர்கள் வெறுங்கையராய்க் கப்பலேறி வந்தார்கள். அவர்களின் பிழைப்புக்காக 1969இல் சென்னைக் கடற்கரைச் சாலையோரம் அமைந்ததே பர்மா பஜார். வெளிநாட்டுப் பொருள் எளிதில் கிட்டாத அந்தக் காலத்தில், ஜப்பான் கடிகாரமும் டேப்ரிக்கார்டரும் நைலான் துணியும் வேண்டுவோர் காஞ்சிபுரம், செங்கல்பட்டிலிருந்தெல்லாம் பஸ் ஏறி அங்கே போனார்கள். 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறி, வளைகுடாவில் வேலைகள் திறந்தபோது, அந்தக் கடை நம் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் இளமையில் 'சஃபர்' முடிந்து வந்தவரின் பெட்டியைத் திறக்கும் நாள் பெருநாளைப் போல இருக்கும். தெருவே கூடி நிற்கும். 1991க்குப் பின் பொருளாதாரக் கதவு திறக்க, டேப்ரிக்கார்டரும் கடிகாரமும் நம் கடைவீதியிலேயே மலிந்துவிட்டன. எஞ்சி நின்ற பெரிய கவர்ச்சி தங்கம் ஒன்றுதான்.

வாங்கி வருபவர் யார்?

இரண்டாவது கேள்வியில்தான் நம்மவர்கள் அறியாமலே அதிகம் தவறுகிறார்கள். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

பிறருக்காகப் பொருள் வாங்கி வருபவர் இரண்டில் ஒருவராக இருக்க வேண்டும். ஒன்று, அவர் வக்கீல், அதாவது நமக்குப் பதிலாகக் கடைக்குப் போன பிரதிநிதி. அல்லது அவர் வியாபாரி. இரண்டும் ஆகுமானவைதாம். ஆனால் போகும்போது வக்கீலாகப் போய்விட்டு வரும்போது வியாபாரியாகத் திரும்பக் கூடாது.

வக்கீலின் இலக்கணத்துக்கு உர்வத்துல் பாரிகீ (ரலி) அவர்களின் வரலாறு ஒன்றே போதும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கிவரச் சொன்னார்கள். அவர் சாமர்த்தியசாலி. அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகள் வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். பிறகு ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். 'ஆடு கேட்டீர்கள், இதோ ஆடு' என்று சொல்லிவிட்டுத் தீனாரை மடியில் முடிந்துகொள்ள அவரால் முடிந்திருக்கும். யாருக்கும் தெரிந்திராது. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள்.

இப்போது நம் நோட்டுக்கு வாருங்கள். எதிர்வீட்டார் ஸென்ட் வாங்கி வரச் சொன்னார்கள். கடையில் எழுதியிருந்த விலை நூறு திர்ஹம். தள்ளுபடிக் காலமாகையால் எண்பத்தாறுக்குக் கிடைத்தது. தள்ளிக்கொடுத்த அந்தப் பதினான்கு திர்ஹம் யாருடையது? வாங்கச் சொன்னவருடையது. 'கடைக்காரன் என் முகத்துக்காகத்தானே குறைத்தான்' என்று சொல்வது செல்லாது. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, 'இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது' என்று பிரித்தபோது, தாய் தந்தையர் வீட்டிலேயே அவர் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டது நினைவிருக்கட்டும்.

அப்படியானால் பெட்டி சுமந்தவருக்குக் கூலியே இல்லையா? உண்டு. வாய் திறந்து கேட்க வேண்டும். 'பொருளின் விலை இவ்வளவு, என் சிரமத்துக்கு இவ்வளவு' என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால், வக்கீல் கூலி பெறுவதற்கு எந்தத் தடையும் இல்லை. முப்பது கிலோ எடைக்குள் தன் துணிமணியையும் அடக்கி, பிறர் பால்மாவையும் சுமந்து வருகிறவர் கூலி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்மவர்கள் கேட்க வெட்கப்படுகிறார்கள். விலையைக் கூட்டிச் சொல்ல வெட்கப்படுவதில்லை! 'வேணாங்க, ஃப்ரீயாத்தான் வாங்கியாந்தேன்' என்று சொல்லிவிட்டு, எண்பத்தாறை நூற்றிருபதாக எழுதிக் கொடுக்கும் தம்பிமார்களை நான் அறிவேன். கூலியாகக் கேட்டிருந்தால் ஹலாலாயிருக்கும் அதே தொகை, இப்போது கியானத்தாகிவிட்டது.

இனி அவர் வியாபாரியாக இருக்க விரும்புகிறாரா? தாராளமாக. தன் பணத்தில், தனக்காக வாங்கட்டும். பொருள் அவருடைய கைக்கு வரட்டும். ஊருக்கு வந்தபின் எவ்வளவு லாபம் வைத்தும் விற்கட்டும். வாங்கிய விலையைச் சொல்லவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கையில் இல்லாத குறிப்பிட்ட பொருளை முன்னதாகவே விற்றுவிடக் கூடாது. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். 'கொண்டு வருகிறேன், பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று வாக்குக் கொடுப்பதோடு நின்றுகொள்ள வேண்டும். மற்றொன்று, 'எனக்கு அடக்கம் இவ்வளவு, அதன்மேல் இவ்வளவு லாபம்' என்று கணக்குச் சொல்லி விற்றால், அது முராபஹா என்னும் வியாபாரம் ஆகிவிடுகிறது. அதில் அடக்கவிலையைப் பொய்யாகச் சொன்னது பிறகு வெளிப்பட்டால், ஹனபீ மத்ஹபில் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் சொற்படி, வாங்கியவர் விரும்பினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஷாபிஈ மத்ஹபில் பொய்யாய்க் கூட்டிய தொகையும் அதற்குரிய லாபமும் விலையிலிருந்து குறைந்துவிடும்.

கணக்கு ஒப்புவிப்பதைப் பற்றி நம் உத்திரமேரூர்வாசிகளுக்கு வெளியூரார் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழர் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு நம் ஊரில்தான் இருக்கிறது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அந்தப் பதவிக்கு வரமுடியாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிவாசல் கணக்குக்கும் இந்த விதி இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கடனாய் வாங்கி வந்தால் எந்த விலை?

'தம்பி வரட்டும்' என்று சொன்னவர்களின் மஸ்அலா இது. முன்பணம் வாங்காமல் மகன் தன் கைப்பணத்தைப் போட்டு வாங்கினால், அவர் அந்த வீட்டாருக்காகக் கடன் கொடுத்தவர் ஆகிறார். கொடுத்தது திர்ஹம், திரும்ப வாங்கவேண்டியதும் அந்த எண்ணிக்கைத் திர்ஹம்தான். சென்ற வருடம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் நண்பருக்காக ஆறாயிரம் திர்ஹத்துக்கு ஒரு சங்கிலி வாங்கினார். நான்கு மாதம் கழித்து ஊர் வந்தபோது தங்கம் விலை ஏறியிருந்தது. 'இன்றைய தங்க விலைப்படி கொடு' என்றார். நண்பர் மறுக்க, பள்ளிவாசல் திண்ணைக்குப் பஞ்சாயத்து வந்தது. சங்கிலி வாங்கிய அன்றே அது நண்பருடைய சொத்தாகிவிட்டது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கே. கடன் ஆறாயிரம் திர்ஹம் மட்டுமே. அதன்மேல் கேட்பது கடனுக்கு மிகுதி கேட்பதாகும். அதன் பெயர் வட்டி.

திர்ஹத்தை ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கும்போது எந்த நாளின் மாற்று விகிதம்? கொடுக்கும் நாளின் விகிதம். இதற்கும் ஆதாரம் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் பகீஉ பகுதியில் ஒட்டகம் விற்பார்கள். தீனாருக்கு விற்றுவிட்டுத் திர்ஹமாக வாங்குவதும், திர்ஹத்துக்கு விற்றுவிட்டுத் தீனாராக வாங்குவதும் உண்டு. இது கூடுமா என்று அவர்கள் கேட்டபோது, அன்றைய விலைப்படி வாங்குவதும், பாக்கி எதுவும் இல்லாமல் தீர்த்துக்கொண்டு பிரிவதும் ஆனால் குற்றமில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

தங்கத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். தங்கமும் நாணயமும் கைக்குக் கை மாறவேண்டியவை. காகிதப் பணமும் பொன் வெள்ளி நாணயத்தின் சட்டத்தையே பெறும் என்று ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986இல் முடிவு செய்தது. ஆகவே நகைக்கடையில் பாதிப் பணம் கட்டிவிட்டு நகையை எடுத்துக்கொண்டு மீதியை மாதாமாதம் கட்டுவதும், முழுப் பணம் கட்டிவிட்டு நகையைப் பின்னர் பெறுவதும் அந்த முடிவின்படி கூடாது. பணத்தை முன்கூட்டிக் கொடுத்துத் தானியம் போன்றவற்றை அளவும் தவணையும் குறித்து வாங்கும் 'ஸலம்' என்ற வியாபாரம் தங்கத்துக்குப் பொருந்தாது. ஆனால் மகனிடம் பணம் அனுப்பி, அவர் கடையில் ரொக்கம் கொடுத்து அங்கேயே நகையைக் கையில் வாங்கினால் குறை ஒன்றுமில்லை. வக்கீலின் கை நம் கை.

கைப்பேசியில் படம் பார்த்து வரவழைக்கும் துணிமணிகளைப் பற்றியும் ஒரு வரி. காணாத பொருளை வாங்கினால், ஹனபீ மத்ஹபில் வியாபாரம் செல்லும். பொருளைக் கண்டபின் வேண்டாமென்று விடும் உரிமையும் வாங்கியவருக்கு உண்டு. ஷாபிஈ மத்ஹபின் பிந்திய, உறுதியான சொல்லில், கண்ணால் காணாத குறிப்பிட்ட பொருளின் வியாபாரமே செல்லாது. தன்மைகளை விவரித்துப் பொறுப்பேற்று விற்கும் ஸலம் முறையாக அமைத்துக்கொள்ள வேண்டும். ஊனம் மறைத்து விற்ற பொருளைத் திருப்பும் உரிமையில் இரண்டு மத்ஹபுக்கும் பேதமில்லை. வக்கீல் நேரில் பார்த்து வாங்கினால் இந்தச் சிக்கலே எழாது. மகனைக் கடைக்கு அனுப்புவதில் இந்தச் சௌகரியமும் இருக்கிறது.

பன்னிரண்டு பவுனின் கணக்கு

அம்மையாரை உட்காரவைத்து அவர் நோட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். அதையே இங்கும் தருகிறேன். உலகச் சந்தையில் நூறு ரூபாய் பெறும் தங்கம் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஜூலை முதல் நம் நாட்டில் தங்கத்தின் மீது இறக்குமதிச் சுங்கம் 15 சதவீதமாக இருந்தது. அதன்மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம். ஆக நம் கடையில் அது ஏறத்தாழ நூற்றுப் பதினெட்டரை ரூபாய். துபையில் 2018 ஜனவரி முதல் நகைக்கு 5 சதவீத வாட் வரி உண்டு. ஆகவே அங்கே நூற்றைந்து. செய்கூலி சேதாரம் இரண்டிடத்திலும் சமம் என்றே கொண்டாலும், பன்னிரண்டு பவுனுக்கு அன்றைய விலையில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அம்மையாரின் முகம் மலர்ந்தது. ஒரு பந்தல் செலவு!

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. அன்று நடப்பிலிருந்த 2016ஆம் ஆண்டுப் பயணப்பெட்டி விதிகளின்படி, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்பும் ஆண் 20 கிராம் நகையும், பெண் 40 கிராம் நகையும் சுங்கமின்றிக் கொண்டுவரலாம் என்றிருந்தது. மதிப்பு முறையே ஐம்பதாயிரத்தையும் ஒரு லட்சத்தையும் தாண்டக் கூடாது என்பது அன்றைய விதி. 2023இன் விலையில் ஐம்பதாயிரத்துக்கு வருவது ஒரு பவுனும் கொஞ்சமும். அதற்கு மேற்பட்டதற்குச் சுங்கம் கட்ட வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர் சுங்கம் செலுத்தி ஒரு கிலோ வரைகூடக் கொண்டுவரலாம்; வழி அடைபட்டிருக்கவில்லை. ஆனால் அன்று அப்படிக் கட்டினால், நூற்றைந்தின்மேல் 15 சதவீதம் ஏறி நூற்றிருபதைத் தாண்டிவிட்டது. காஞ்சிபுரத்துக் கடை விலையே மலிவு என்றாயிற்று! கட்டியாக வாங்கினால் அங்கே வாட் வரி இல்லை. இங்கே கொஞ்சம் மிஞ்சும். பிறகு ஆசாரிக்குக் கூலி கொடுக்க வேண்டும். கட்டிக்கும் நாணயத்துக்கும் அந்த இலவசச் சலுகை கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆக, அன்றைய விதியில் அக்கரைத் தங்கம் மலிவு என்பது ஒரு பவுன் அளவுக்கு உண்மை. மீதிப் பதினொரு பவுனுக்கு மறைத்துக் கொண்டுவந்தால்தான் மலிவு. அந்த ஐம்பதாயிரம் தங்கத்தில் கிடைக்கும் லாபம் அல்ல, மறைப்பதில் கிடைக்கும் லாபம்.

2024 ஜூலை 23இல் சுங்கம் 6 சதவீதமாகக் குறைந்தபோது, நம் கடைவிலை நூற்றொன்பது என்ற அளவுக்கு இறங்கியது. துபையின் நூற்றைந்துக்கும் அதற்கும் நாலு ரூபாய்தான் இடைவெளி. இந்தச் சுங்கமும் பெட்டி விதிகளும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறவை. டிக்கெட் எடுக்குமுன் அந்நாளைய விதியைச் சுங்க இலாகாவின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டார் போன வருடம் கொண்டுவந்ததை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. விலைச்சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதும் அவசியம்.

மறைத்துக் கொண்டுவருவதற்குச் சிலர் மார்க்கத்தையே துணைக்கு அழைக்கிறார்கள். முற்கால ஃபுகஹாக்கள் 'மக்ஸ்' எனப்பட்ட அநியாயச் சுங்கத்தைக் கண்டித்திருக்கிறார்களே, ஆகவே இதை ஏய்த்தால் என்ன என்கிறார்கள். கண்டித்திருப்பது உண்மை. இன்றைய அரசாங்கச் சுங்கம் அதில் அடங்குமா என்பதில் உலமாக்கள் பலவாறு பேசியிருக்கிறார்கள். அந்த வாதத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம். வரி நியாயமா இல்லையா என்பது ஒன்று. பொய் சொல்வது மற்றொன்று. விமான நிலையத்தில் பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு உண்டு. சுங்கத்துக்குரிய பொருள் என்னிடம் இல்லை என்று சொல்பவருக்குப் பச்சை வழி. இடுப்பில் தங்கத்தைச் சுற்றிக்கொண்டு அந்த வழியே நடப்பவர் வாயால் ஒன்றும் சொல்லாவிட்டாலும் காலால் பொய் சொல்லுகிறார். பாஸ்போர்ட் பெற்று, இந்த நாட்டின் சட்டத்துக்கு உட்படுவதாக ஒப்பி வாழ்கிறவர்கள் நாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது நம்மேல் கடமை. ஒரு முஃமின் தன்னைத் தானே இழிவுக்கு உள்ளாக்கிக்கொள்ளக் கூடாதென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். தனியறையில் உடை களைந்து சோதிக்கப்படுவதைவிட வேறு இழிவு என்ன வேண்டும்?

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு பவுன் எதற்கு? மணமகன் வீட்டார் கேட்டார்கள். மஹர் கொடுக்கவேண்டியவர் ஆண். நம்மிடையே வாங்குகிறவர் ஆண். இந்தத் தலைகீழ் வழக்கம் இல்லாதிருந்தால், பெட்டியில் பாதிக் கவலை குறைந்திருக்கும்.

'குருவி'

இனி அந்தப் பொட்டலம். சிங்கப்பூர், கொழும்பு, துபை என்று பறந்து பிறருக்காகச் சரக்குச் சுமப்பவருக்குக் 'குருவி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968இல் வந்து 1990இல் நீக்கப்பட்டது. 1992 முதல் வெளிநாடுவாழ் இந்தியர் சுங்கம் கட்டித் தங்கம் கொண்டுவர வழி பிறந்தது. அப்போதெல்லாம் இந்தத் தொழில் அழிந்துவிடும் என்று நினைத்தோம். சுங்கம் ஏறும்போதெல்லாம் குருவிகள் மறுபடி பறக்கின்றன. பசையாக்கி, பொடியாக்கி, உள்ளாடைக்குள் தைத்து, உடலுக்குள்ளேயே மறைத்து என்று பத்திரிகையில் படிக்கவே கூசும் விதங்களில். சரக்கின் சொந்தக்காரர் எங்கோ சுகமாக இருக்கிறார். சிக்குவது டிக்கெட்டுக்கு ஆசைப்பட்ட கிராமத்துப் பிள்ளை.

சட்டம் என்ன சொல்கிறதென்று தெரிந்துகொள்ளுங்கள். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி கடத்திய பொருளைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் உண்டு, மதிப்பு ஓர் அளவைத் தாண்டினால் 135ஆவது பிரிவின்கீழ் ஏழாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. கடத்தல் தங்கம் என்று நம்பக் காரணமிருந்து பிடித்தால், 'இது கடத்தியதல்ல' என்று நிரூபிக்கும் பொறுப்பு, 123ஆவது பிரிவின்படி, யாரிடமிருந்து பிடித்தார்களோ அவர்மீதே விழுகிறது. 'எனக்குத் தெரியாது, அண்ணன் கொடுத்தார்' என்பதை அவர் எப்படி நிரூபிப்பார்?

தங்கமாயிருந்தால் இவ்வளவோடு போகும். வேறு ஏதாவதாயிருந்தால்? வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் வழக்கின் தண்டனை எவ்வளவு கடுமையானது என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். இங்கிருந்து போகும் பெட்டியிலும் இதே கவனம் வேண்டும், தாய்மார்களே! குருமாவுக்குப் போடும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடியில் ஒரு பிடி கலந்து அனுப்பிவிட்டு, 'எம் புள்ளைக்குப் பிடிக்கும்' என்று சொல்வதற்கில்லை. இருமல், வலி மருந்துகளிலும் சில அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவர் சீட்டில்லாமல் அனுப்பாதீர்கள்.

மார்க்கச் சட்டத்தில், அமானிதமாக ஒரு பொருளை ஏற்பவர் அது இன்னதென்று அறிந்து ஏற்க வேண்டும். அதைக் காக்கும் சக்தி தமக்கில்லை என்று தெரிந்தால் ஏற்கவே கூடாது. திறந்து காட்ட மறுக்கப்படும் பொட்டலம் அமானிதம் அல்ல. அதற்குக் கூலியாக வரும் டிக்கெட்டும் ஹலாலான கூலி அல்ல. அந்த டிக்கெட்டில் வந்துதான் தங்கையின் நிகாஹில் சாட்சியாக உட்காரவேண்டுமா என்று மகனிடம் கேட்கச் சொன்னேன்.

வக்கீல் தம் பொறுப்பில் வைத்த பொருள் அவருடைய கவனக்குறைவின்றிக் களவு போனால் நஷ்டம் வாங்கச் சொன்னவருக்கு. ஆனால் சுங்கம் கட்டச் சொல்லிப் பணம் கொடுத்தும் கட்டாமல் மறைத்து, பொருள் பறிமுதலானால், ஈடு கொடுக்கவேண்டியவர் வக்கீல். இந்த வித்தியாசத்தையும் அந்த அம்மையாருக்குச் சொல்லி அனுப்பினேன். எட்டு வீட்டார் காசு அந்தப் பெட்டியில் இருந்ததே!

ஷவ்வாலில் மகன் வந்தார். சொந்தக் காசில் எடுத்த டிக்கெட். தங்கைக்கென ஒரு பவுனில் ஒரு வளையல், விலைச்சீட்டோடு. மீதி நகையில் ஐந்து பவுனைக் காஞ்சிபுரத்தில் ஹால்மார்க் முத்திரை பார்த்து வாங்கினார்கள். பாக்கி ஆறு பவுனைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச ஜமாஅத்தார் மூவர் போனோம். முதல் நாள் முகம் கொடுக்கவில்லை. இரண்டாம் முறை மாப்பிள்ளையின் பாட்டியார் தாமே குறுக்கிட்டு, "ஆறே போதும், புள்ளைய அனுப்புங்க" என்று முடித்துவைத்தார்.

நிகாஹுக்கு மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை நோட்டையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு எட்டு வீட்டுக்கும் போய் வந்தாராம். ஸென்ட் கேட்டிருந்த மூன்று வீட்டிலும் தள்ளுபடித் தொகையை அன்றைய மாற்று விகிதப்படி ரூபாயாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கூலியாகப் பேசியிருந்த நூறு ரூபாயைக் கேட்டும் வாங்கியிருக்கிறார்.